கொம்பன் சுறாவில் லெவினியா, சைகீனாவா: இனம் பிரித்துப் பாதுகாப்பு நிலையை ஒப்பிடும் முறை

தலையைச் சுத்தியல் போலப் பக்கவாட்டில் விரித்திருக்கும் சுறா எதுவானாலும் தமிழில் அது கொம்பன் சுறாதான். மீனை ஏலம் விட இந்த ஒரு பெயர் போதும். அதன் பாதுகாப்பு நிலையைப் பேச வந்தால் போதாது. ஸ்காலப்டு ஹேமர்ஹெட் எனப்படும் ஸ்பைர்னா லெவினி, உலகச் சிவப்புப் பட்டியலில் (அழியும் அபாயத்தை வைத்து இனங்களை வகைப்படுத்தும் ஐயுசிஎன் அமைப்பின் பட்டியல்) 'மிக அருகிய இனம்'. ஸ்மூத் ஹேமர்ஹெட் எனப்படும் ஸ்பைர்னா சைகீனா, அதே பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்'. நடுவில் 'அருகிய இனம்' என்று இன்னொரு படி இருக்கிறது. இரண்டு படி தள்ளி நிற்கும் இந்த இரண்டு மீன்களையும் ஐந்து அடி தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரியும்.

ஆகவே வேலை இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் இனத்தை உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகே நிலையை ஒப்பிட வேண்டும். வரிசையை மாற்றினால் ஒரு மீனின் நிலையை இன்னொரு மீனின் தலையில் கட்டிவிடுவோம்.

முதலில் மூன்றாமவனை விலக்குங்கள்

ஒப்பிடப்போவது இரண்டைத்தான் என்றாலும், கிரேட் ஹேமர்ஹெட் எனும் ஸ்பைர்னா மொகாரன் குறுக்கே வரும். அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் மற்ற வேலை சுலபம். மொகாரனுக்கு முதல் முதுகுத் துடுப்பு மிக உயரமாக, அரிவாள் போலப் பின்னோக்கி வளைந்திருக்கும். இரண்டாம் முதுகுத் துடுப்பும் உயரமாகவே இருக்கும். அதன் பின்விளிம்பு நன்றாக உட்குழிந்திருக்கும். இடுப்புத் துடுப்பின் பின்விளிம்பும் அரிவாள் வளைவு. பற்களின் ஓரத்தில் ரம்பம் போன்ற வெட்டு தெளிவாக இருக்கும். வளர்ந்த மீனில் தலையின் முன்விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாகவும், நடுவில் ஒரு பள்ளத்துடனும் இருக்கும்.

எச்சரிக்கை: குட்டி மொகாரனின் தலை நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள மீனில் தலையை மட்டும் பார்த்து லெவினி என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாம் முதுகுத் துடுப்பின் உயரத்தைப் பார்த்தால் இந்தத் தவறு நேராது.

லெவினியும் சைகீனாவும்: பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

ஒன்று, தலையின் முன்விளிம்பின் சரியான நடுப்பகுதி. லெவினியில் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். அதன் இரு பக்கமும் இன்னும் ஒவ்வொரு பள்ளம். விளிம்பு முழுவதும் அலை அலையாகத் தெரிவது இதனால்தான். சைகீனாவில் நடுப்பள்ளம் கிடையாது. மூக்குத் துளைகளுக்கு நேரே இரு பக்கமும் பள்ளம் உண்டு, ஆனால் நடுவில் விளிம்பு வழுவழுப்பாக வில் போல வளைந்து போகும். கண்ணை நம்பாமல் விரலை வையுங்கள். விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஆள்காட்டி விரலை ஓட்டினால் நடுவில் விரல் இறங்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இரண்டு, இரண்டாம் முதுகுத் துடுப்பின் பின்நுனி. இந்தத் துடுப்பு இரண்டு இனத்திலும் குட்டையானது. லெவினியில் அதன் பின்நுனி நீண்டு, வால் துடுப்பின் மேல்மடல் தொடங்கும் இடத்தை ஏறக்குறைய எட்டிவிடும். அந்த இடத்தில் வாலடியில் ஒரு சிறு குழி இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. சைகீனாவில் பின்நுனி அந்தக் குழிக்கு வெகுமுன்பே நின்றுவிடும். தலை வெட்டப்பட்ட உடல் வந்தால் உங்களிடம் இருக்கும் நல்ல அடையாளம் இது ஒன்றுதான்.

இரண்டும் ஒத்துப்போனால் இனத்தை எழுதலாம். ஒன்றோடொன்று முரண்பட்டால் எழுதக் கூடாது. கீழே சொல்லும் மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுங்கள்.

நம்பக் கூடாதவையும் உண்டு. தலையின் அகலம் பயன்படாது: மொத்த நீளத்தில் லெவினிக்கு அது 24 முதல் 30 விழுக்காடு, சைகீனாவுக்கு 26 முதல் 29 விழுக்காடு, மொகாரனுக்கு 23 முதல் 27 விழுக்காடு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் இந்த எண்களை வைத்து எதையும் பிரிக்க முடியாது. நிறமும் அப்படித்தான். சைகீனா கரும்பச்சை கலந்த பழுப்பாகவும் லெவினி சாம்பல் பழுப்பாகவும் உயிரோடு இருக்கும்போது தெரிந்தாலும், பனிக்கட்டியில் ஒரு நாள் கிடந்தால் இரண்டும் ஒரே நிறம். மார்புத் துடுப்பின் அடிப்பக்க நுனி கருத்திருப்பதை லெவினியின் அடையாளமாகப் பலர் சொல்வார்கள். சைகீனாவிலும் அது வருவதுண்டு.

படம் எடுக்கும்போது

பிறகு யாராவது சரிபார்க்க வேண்டுமென்றால் மூன்று படம் கட்டாயம். தலையை நேர் மேலிருந்து ஒன்று. தலையின் அடிப்பக்கத்தை நேர் எதிரே வைத்து ஒன்று. இரண்டாம் முதுகுத் துடுப்பிலிருந்து வாலடிக் குழி வரை பக்கவாட்டில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்கட்டும். கேமரா சாய்ந்தால் நடுப்பள்ளம் மறைந்துவிடும், லெவினி சைகீனாவாக மாறிவிடும். சாய்கோணப் படத்தை வைத்து இனம் சொல்லும்படி கேட்டால் மறுத்துவிடுவதே நேர்மை. உறைந்த மீனில் தலையின் ஓரம் நசுங்கி, இல்லாத பள்ளமும் தோன்றும். பனி உருகும் வரை பொறுத்துப் பாருங்கள்.

நீளத்தை உடலின் வளைவின் மேல் நாடா வைத்து அளக்காதீர்கள். மீனைத் தட்டையான தரையில் கிடத்தி, மூக்கு நுனிக்கும் வால் நுனிக்கும் இடையே தரையில் நேர்கோட்டில் அளக்க வேண்டும். வாலின் மேல்மடலை உடலின் நேருக்கு இழுத்துப் பிடித்ததா, இயல்பாக விட்டதா என்பதையும் குறித்து வையுங்கள். மூக்கிலிருந்து வால் கவை (வால் இரண்டாகப் பிரியும் இடம்) வரையிலான நீளத்தையும் சேர்த்து எடுத்தால், வேறு ஆய்வுகளின் எண்களோடு ஒப்பிடும்போது சிக்கல் வராது.

துடுப்பு மட்டும் கையில் இருந்தால்

முதல் முதுகுத் துடுப்பின் முன்விளிம்பு உடலோடு சேரும் புள்ளியிலிருந்து உச்சி வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தின் பாதியில் துடுப்பின் அகலத்தை அளந்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். விடை 2.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அகலத்தைவிட உயரம் மிக அதிகமான, கொம்பன் சுறா வகைத் துடுப்பு என்று சந்தேகிக்கலாம். 40 செ.மீ. நீளத்துக்கு 20 செ.மீ. புள்ளியில் அகலம் 14 செ.மீ. என்றால் விடை 2.86, சந்தேகம் வலுக்கிறது. கொம்பன் வகை என்பதோடு இந்த அளவின் பயன் முடிந்துவிடுகிறது. லெவினியா சைகீனாவா என்று காய்ந்த துடுப்பின் வடிவத்தை வைத்து அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அதற்கு மரபணு வேண்டும். துடுப்பின் பின்நுனியில் சுண்டுவிரல் நகமளவு திசு போதும். 95 விழுக்காடு எத்தனாலில், திசுவைப் போல் பத்து மடங்காவது திரவம் இருக்கும்படி மூழ்கவிடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய பிளேடு, அல்லது நன்றாகத் துடைத்துச் சுடரில் காட்டிய பிளேடு. ஒரே பிளேடால் வரிசையாக நறுக்கிக்கொண்டே போவதுதான் ஆய்வகத்தில் குழப்பமான முடிவு வருவதற்கு வழக்கமான காரணம். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளப் பகுதியைப் படித்து இனத்தைப் பிரிப்பார்கள்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மேற்கு அட்லாண்டிக்கில் லெவினி போலவே தோன்றும் இன்னொரு இனம், ஸ்பைர்னா கில்பெர்டி, 2013-இல் தனியாக விவரிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது. முதுகெலும்புக் கணுக்கள் லெவினியைவிட ஏறத்தாழ 10 குறைவு. இவ்விரண்டும் கலந்து குட்டி போடுவதும் பதிவாகியுள்ளது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வருவதால், கலப்புக் குட்டியில் தாயின் இனத்தை மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கடலின் மாதிரி என்றால் உட்கரு மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நிலை: எழுத்தைப் படியாமல் அளவுகோலைப் படியுங்கள்

சிவப்புப் பட்டியலில் இரண்டு இனங்களும் 2018-இல் மதிப்பிடப்பட்டு, 2019-இல் வெளியான பதிவுகள்தான் இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. இரண்டுக்கும் குறியீடு ஏ2பிடி. ஏ2 என்றால், பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்தில் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. குறைவுக்கான காரணம் நின்றிருக்காமலோ, புரியாமலோ, குறைவை மீட்க முடியாமலோ இருக்கலாம் என்பதும் அதில் அடக்கம். பி என்பது எண்ணிக்கைச் சுட்டெண்ணை வைத்துக் கணித்தது. டி என்பது பிடிக்கும் அளவை வைத்துக் கணித்தது. குறைவு 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் மிக அருகிய இனம். 50-க்கு மேல் அருகிய இனம். 30-க்கு மேல் அழிவாய்ப்பு இனம். லெவினி முதல் கட்டத்தில், சைகீனா மூன்றாவதில். இரண்டுக்கும் மூன்று தலைமுறை என்பது எழுபது ஆண்டுகளைத் தாண்டும்.

ஆக, சைகீனாவின் நிலை 'பரவாயில்லை' என்று பொருளல்ல. மூன்று தலைமுறைக்கு முன் பத்து மீன் இருந்த கடலில் ஏழுக்கும் கீழேதான் இப்போது மிச்சம் என்று படிக்க வேண்டும். லெவினியில் பத்துக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவு.

பழைய பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லெவினி 2007-இல் அருகிய இனமாக இருந்து அடுத்த மதிப்பீட்டில் ஒரு படி இறங்கியது. சைகீனா 2005-இலிருந்தே அழிவாய்ப்பு இனம். வகை மாறாததால் நிலைமை மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; 31 விழுக்காடும் 49 விழுக்காடும் ஒரே பெட்டிக்குள்தான் விழும்.

அடுத்து, உலகப் பதிவா வட்டாரப் பதிவா என்று பாருங்கள். ஒப்பிடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. உலக அளவில் அழிவாய்ப்பு இனமான சைகீனா, மத்தியதரைக் கடல் பட்டியலில் மிக அருகிய இனம். அந்தக் கடலில் கொம்பன் சுறாக்கள் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒழிந்துவிட்டதாக 2008-இல் வெளியான ஆய்வு கணித்தது. அங்கே பிடிபட்ட ஒரு சைகீனாவுக்கு உலக நிலையை எழுதிவைத்தால் எழுத்து சரியாக இருக்கும், பொருள் தவறாகிவிடும். மறுபக்கம் லெவினியை அமெரிக்கா தன் அருகிய இனச் சட்டத்தின் கீழ் 2014-இல் சேர்த்தபோது நான்கு கூட்டங்களாகப் பிரித்தே சேர்த்தது: கிழக்கு பசிபிக், கிழக்கு அட்லாண்டிக் கூட்டங்கள் ஒரு படியில், மத்திய-தென்மேற்கு அட்லாண்டிக், இந்திய-மேற்கு பசிபிக் கூட்டங்கள் அதற்குக் குறைந்த படியில். அந்தச் சட்டத்தில் இடம்பெற்ற முதல் சுறா இனம் அதுதான். சைகீனாவுக்காக வந்த மனுவை 2016-இல் அதே நாடு ஏற்கவில்லை.

மதிப்பீடு ஒரு தாள், சட்டம் வேறு தாள்

சிவப்புப் பட்டியல் அறிவியல் மதிப்பீடு, யாரையும் கட்டுப்படுத்தாது. வணிகத்தைக் கட்டுப்படுத்துவது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை. அதன் இரண்டாம் இணைப்பில் லெவினி, மொகாரன், சைகீனா மூன்றையும் சேர்க்க 2013-இல் பாங்காக் மாநாடு முடிவெடுத்தது. 2014 செப்டம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது: முதன்மையாகச் சேர்க்கப்பட்டது லெவினிதான். மற்ற இரண்டும் அதைப்போலவே தோன்றுவதால், சுங்கத்தில் பிரித்தறிய முடியாது என்ற காரணத்துக்காகச் சேர்ந்தவை. சட்டத்தில் இரண்டும் ஒரே நிலை என்பதை வைத்து உயிரியலிலும் ஒரே நிலை என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டாம் இணைப்பு தடையும் அல்ல. ஏற்றுமதி செய்யும் நாடு, இந்த வணிகத்தால் இனத்துக்குக் கேடு வராது என்று தன் அறிவியல் அமைப்பின் முடிவைப் பெற்ற பிறகே அனுமதிச் சீட்டு தர வேண்டும். உள்நாட்டில் பிடிப்பதையும் விற்பதையும் அது தொடாது. பிடிப்பதையே தடுக்கும் விதிகள் அந்தந்த நாட்டுச் சட்டத்திலும் வட்டார மீன்பிடி ஆணையங்களிலும் இருக்கும். அட்லாண்டிக் சூரை மீன் ஆணையம் 2010-இல் பொதுவாகக் கொம்பன் சுறாக் குடும்பத்தையே, அதில் ஒரு சிறிய இனத்தை விட்டுவிட்டு, கப்பலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. வளரும் கரையோர நாடுகளின் உள்ளூர் உணவுக்கு விலக்கும் உண்டு. ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தால் இவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை வையுங்கள்: உலக மதிப்பீடும் ஆண்டும், வட்டார மதிப்பீடும் ஆண்டும், வணிக உடன்படிக்கை, மீன்பிடி ஆணையம், உள்நாட்டுச் சட்டம். 'பாதுகாக்கப்பட்டது' என்று ஒரே நெடுவரிசை போட்ட அட்டவணையால் ஒரு பயனும் இல்லை.

ஏன் இந்த இடைவெளி

குட்டி எண்ணிக்கையை வைத்து விளக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். லெவினி ஒரு ஈற்றில் 12 முதல் 41 வரை போடும், சைகீனா 20 முதல் 49 வரை; சினைக்காலம் இரண்டுக்கும் ஓர் ஆண்டுக்கு உட்பட்டது. வித்தியாசம் வாழிடத்தில் இருக்கிறது. லெவினி வெப்பக் கடலின் மீன். ஆழமற்ற விரிகுடாக்களில் குட்டி போடுகிறது. ஹவாயின் கனியோஹே விரிகுடா நன்கு அறியப்பட்ட உதாரணம். சிறுகண் வலையும் இழுவலையும் அதிகம் புழங்கும் ஆழமும் அதுவே. வளர்ந்தவை கோகோஸ், மால்பெலோ, கலபகோஸ் போன்ற தீவுகளைச் சுற்றிப் பகலில் நூற்றுக்கணக்கில் கூடும். அங்கே ஒரு படகு ஒரே நாளில் பெரும் சேதம் செய்துவிட முடியும். சைகீனா குளிர்ந்த மிதவெப்பக் கடலையும் தாங்கும். இளம் மீன்கள் கூட்டமாகத் திரிந்தாலும் வளர்ந்தவை லெவினி அளவுக்குப் பெருங்கூட்டமாகச் சேர்வதில்லை.

தூண்டிலில் சிக்கியபின் சாகும் விகிதத்தை எடுத்துக் காட்டுவதும் வழக்கம். அமெரிக்கக் கடற்கரையில் அடிமட்ட நெடுந்தூண்டிலில் (நீண்ட கயிற்றில் பல கொக்கிகள் கட்டிய தூண்டில்) லெவினி 90 விழுக்காட்டுக்கு மேல் படகுக்கு வருமுன்பே இறந்திருந்தது. அட்லாண்டிக்கில் வாள்மீனுக்கான மிதவை நெடுந்தூண்டிலில் சைகீனாவுக்கு அது ஏறத்தாழ 70 விழுக்காடு. இரண்டையும் அருகருகே வைத்து 'சைகீனா உறுதியான மீன்' என்று எழுதினால் பிழை. தூண்டில் வேறு, ஆழம் வேறு, நீரில் கிடந்த நேரம் வேறு. ஒரே வகைத் தூண்டில், ஒரே கடல், ஒத்த நேரம் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். ஓடும் நீர் செவுளில் புகுந்தால்தான் மூச்சு விட முடியும் என்பதால் இரண்டுமே கட்டுண்டால் விரைவில் சாகும் என்பது வரை சொல்லலாம்.

வயதுக் கணக்கிலும் இதே கதை. முதுகெலும்பின் வளையங்களை எண்ணி வயது சொல்கிறார்கள். தைவான் கடலில் ஆண்டுக்கு இரண்டு வளையம் என்று கொண்டதால் பெண் லெவினி சுமார் 4 வயதில் பருவமடைவதாக விடை வந்தது. மெக்சிகோ வளைகுடாவில் ஆண்டுக்கு ஒன்று என்று கொண்டதால் சுமார் 15 வயது. தலைமுறை நீளமும், அதைத் தொடர்ந்து மூன்று தலைமுறைக் கணக்கும் இந்த ஒரு அனுமானத்தின் மேல் நிற்கின்றன. சைகீனாவோடு ஒப்பிடும்போது இரண்டு ஆய்வும் ஒரே வளையக் கணக்கைப் பின்பற்றினவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வயது நெடுவரிசையையே நீக்கிவிடுங்கள்.

பதிவில் எழுதும் முறை

துடுப்புச் சந்தையில் லெவினியும் சைகீனாவும் ஒரே வணிகப் பெயரில் கலந்தே விற்கப்பட்டு வந்தன. 2006-இல் வெளியான கணிப்பு இரண்டையும் சேர்த்தே ஆண்டுக்கு 13 லட்சம் முதல் 27 லட்சம் மீன்கள் என்றது. எதில் எத்தனை என்று பிரிக்க அதில் வழியில்லை. பிடிப்புப் பதிவுகளிலும் இதே கலப்பு இருப்பதால், இனவாரி மதிப்பீட்டுக்குக் கிடைக்கும் தரவு மெலிந்தே இருக்கிறது.

உலக உணவு வேளாண் அமைப்பின் மூன்றெழுத்துக் குறியீடுகளைப் பயன்படுத்துங்கள்: லெவினிக்கு எஸ்பிஎல், சைகீனாவுக்கு எஸ்பிஇசட், மொகாரனுக்கு எஸ்பிகே. இரண்டு அடையாளமும் ஒத்துப்போகாத மீனுக்கு எஸ்பிஎன், அதாவது ஸ்பைர்னா பேரினம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் வழக்கமாகக் கிடைப்பது லெவினிதானே என்று எஸ்பிஎல் போட்டுவிட்டால், பிறகு யாராலும் அதைத் திருத்த முடியாது. எஸ்பிஎன் என்று இருந்தால் படத்தையோ திசுவையோ வைத்து என்றைக்காவது பிரித்துக்கொள்ளலாம். குறியீட்டுக்குப் பக்கத்திலேயே எந்த அடையாளத்தை வைத்து முடிவெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: 'நடுப்பள்ளம் உண்டு, பின்நுனி குழியை எட்டுகிறது' என்ற ஒரு வரி போதும்.